முந்திரி இல்லாத டீ

"…அதுக்கு என்னாம்மா இப்ப? எனக்கும் எடது காது பாதி போயிடிச்சி. இன்னும் பத்து வருஷம் போனா நானும் இவரும் ஒண்ணுதான். இதப் போயி யாராவது மறைப்பாங்களா?"

கையில் ஆறிப்போன டீ தம்ளரோடு இதைச் சொன்னவர், என்னைப் பெண் பார்க்க வந்திருந்தவர். சொன்னது என் அம்மாவிடம். 'இவர்' என்றது என் அப்பாவை. எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உழவர்கரைப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் நடந்தது இது. இப்படிச் சொல்லிவிட்டு அவர் ஒரு காரியம் செய்தார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு தம்ளர் டீ எப்படிக் குடிக்கப்பட்டது என்று தெரியாதவர்களுக்கு அந்தக் காரியத்தின் அருமை விளங்காது. அதனால் டீயிலிருந்தே வருகிறேன்.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். ஒரே கூரைக்குக் கீழே நூற்றுக்கணக்கில் தறிகள் சேர்ந்து அடித்தால் எப்படி இருக்கும்? பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் காற்று மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒரு கை தறிமேல் இருக்கும், இன்னொரு கை பேசும். நூல் அறுந்துபோச்சு, ஆள் வரலை, தலை வலிக்குது, உன் மச்சான் வந்திருக்கான், இன்றைக்கு என்ன சாப்பாடு, எல்லாவற்றுக்கும் ஒரு கைதான். மேஸ்திரி வருகிறார் என்றால் நெற்றியில் விரலை வைத்துத் தொப்பியைத் தொடுவதுபோல் காட்ட வேண்டும். பிரெஞ்சுக்காரன் காலத்து மேஸ்திரி யாரோ தொப்பி போட்டிருந்தாராம். அவரும் போனார், அவர் தொப்பியும் போனது. அப்புறம் வந்த மேஸ்திரிகள் எல்லாம் எண்ணெய் தடவிய வெறுந்தலையோடு திரிந்தார்கள். சைகையில் மட்டும் தொப்பி கழலவே இல்லை.

டீக்கு ஒரு சைகை உண்டு. கட்டைவிரலும் நடுவிரலும் தம்ளரைப் பிடிப்பதுபோல் வளைந்து, கை மேலே போய்க் கீழே இறங்க வேண்டும், கடையில் ஆற்றுவதுபோல. சூடு என்றால் காது மடலைத் தொட வேண்டும். சுட்டுக்கொண்ட விரலை நாம் அங்கேதானே கொண்டுபோகிறோம்? டீ திடமாக இருந்தால் முஷ்டியை மடக்க வேண்டும். தண்ணியாக இருந்தால் விரல்களைத் தொங்கவிட்டு உதற வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் எழுத்து படிப்பதற்கு முன்னாலேயே இதைப் படித்துவிட்டேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து, எனக்குப் பதினாறு பதினேழு வயது ஆன எழுபதுகளின் ஆரம்பம்வரை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவோடு தறி ஓட்டும் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவார்கள். மூன்று பேரும் முக்காலிகளை எதிரும் புதிருமாகப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். உட்கார்ந்ததும் மில்லில் இருப்பதாகவே நினைப்பு. ஒரு வார்த்தை வெளியே வராது. கைதான் பறக்கும். திடீரென்று மூன்று பேரும் ஒன்றாகச் சிரிப்பார்கள், கூரை அதிரும். மறுபடி அமைதி. புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டு அம்மா ஒருநாள் எங்கள் அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "உங்க வீட்ல ஏதாவது துக்கமா? மூணு ஆம்பளைங்க தலையக் குனிஞ்சி பேசாம உக்காந்திருக்காங்களே?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து சிரிப்பு வெடித்தது. அந்த அம்மா பயந்தே போனார். அம்மா சொன்னது: "துக்கம் எனக்குத்தாம்மா. இதுங்க மூணும் நல்லா இருக்குதுங்க."

அந்த டீயைச் சொல்ல வேண்டும். கடையில் பொட்டலமாக வாங்கிய தூள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தூள் விழ வேண்டும். பால் பேருக்குத்தான். துணியில் வடிகட்டி, இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றி, நுரையோடு ஊற்றிக் கொடுத்தால், தம்ளரைத் துண்டின் முனையால்தான் பிடிக்க முடியும். அந்தச் சூடு இல்லாவிட்டால் அப்பா தொடமாட்டார். "டீன்னா தொண்டைல எறங்கறப்ப, நான்தான் வரேன்னு சொல்லிட்டு எறங்கணும்" என்பார். என்னிடம் தம்ளரை வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் "மெர்சி, மதாம்" என்பார், நன்றி அம்மணி என்று. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தமும் அதுதான். அம்மாவைச் சீண்டுவதற்காகவே அதை எனக்குச் சொல்வார். அம்மாவும் விடமாட்டாள். "முப்பது வருஷமா சோறு போட்டேன், எனக்கு ஒரு நாளும் மெர்சி இல்ல."

அப்பாவின் காது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. முதலில் சேவல் கூவுவது போனது. அப்புறம் கதவு தட்டும் சத்தம். மில்லை விட்டு நிற்கும்போது மில் சங்கு ஊதுவதுகூட அவருக்குக் கேட்கவில்லை. தெருவே எழுந்து நடப்பதைப் பார்த்துத்தான் சங்கு ஊதிவிட்டது என்று தெரிந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களில் ஒருவர் கடலூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். இன்னொருவர் மனைவிக்கு உடம்பு முடியாமல் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து, வருவதை நிறுத்திக்கொண்டார். சண்டை ஒன்றும் இல்லை. முக்காலிகள் ஒவ்வொன்றாக மூலைக்குப் போயின, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அப்பா கொஞ்ச நாள் மில் வாசல் டீக்கடைக்குப் போய்வந்தார். அங்கே ஒரே ஒரு நீள பெஞ்சு. எல்லாரும் ரோட்டைப் பார்த்து வரிசையாக உட்கார வேண்டும். ஒரு கையில் டீ, மறு கையில் பீடி. முகமும் எதிரே இல்லை, பேச ஒரு கையும் மிச்சமில்லை. பக்கத்தில் இருப்பவர் தோள் குலுங்கினால், சிரிக்கிறார் போல என்று அப்பாவும் சிரித்துவைப்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "கடையில டீ நல்லாத்தான் இருக்குது. பக்கத்துல இருக்கறவன்தான் இல்ல."

மறுநாளிலிருந்து அவர் போகவில்லை. சாயங்காலச் சங்கு ஊதும்போது நான் தையல் மெஷினை விட்டு எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைப்பேன். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பதுதான் என் வேலை. இரண்டு தம்ளர் டீயோடு அவருக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்குத் தெருவில் நடந்ததெல்லாம் கையால் சொல்வேன். யார் வந்தார்கள், யார் போன தடவை கொடுத்த அளவைவிடப் பெருத்திருக்கிறார்கள், யார் வீட்டில் மீன் வாங்கி விலை சொல்லமாட்டேன் என்கிறார்கள், எல்லாம். அம்மாவுக்கும் கொஞ்சம் சைகை தெரியும், ஆனால் பொறுமை கிடையாது. பாதியில் கையை விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்துவிடுவாள். "உங்கப்பாகிட்ட பேசறதுக்கு நான் கோழிகிட்ட பேசலாம். அது திரும்பியாவது பாக்கும்" என்பாள். அப்பாவின் கை மொழியில் அம்மாவுக்கு ஒரு பெயர் உண்டு. இரண்டு விரலை அலகுபோல் வைத்துத் திறந்து திறந்து மூடுவது. அம்மாவுக்குத் தெரியாது என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள் நான். எனக்கு வரப்போகிறவரிடம் நான் எதிர்பார்த்தது நகையோ நிறமோ இல்லை. நான் போன பிறகு அப்பாவுக்கு எதிரே அந்த முக்காலியில் யார் உட்காருவார்கள்? வாரத்துக்கு ஒருநாளாவது வந்து உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிற மனுஷனாக வர வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இதை யாரிடம் சொல்வது? "மாப்பிள்ளைக்கு டீ குடிக்கத் தெரியணும்" என்று சொன்னால் சிரிக்கமாட்டார்களா?

வந்தவர்களும் அப்படி இல்லை. முதலில் வந்த வீட்டார் அப்பாவுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும், "அதுக்கென்ன, பரவாயில்ல, வயசானா வர்றதுதானே" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு சரி. இரண்டாவதாக வந்த வீட்டு அம்மா, செவிடு பிள்ளைகளுக்கும் வருமாமே என்று எங்கள் தெரு முனையிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். இனி வருகிறவர்களுக்கு விஷயம் தெரியவே கூடாது.

மூன்றாவது இடம் ஒரு தரகர் கொண்டுவந்தது. பையனுக்கு வீடு கதிர்காமத்தில். தாய் தகப்பன் இல்லை. இன்னொரு மில்லின் ஆபீசில் உத்தியோகம். கூட வேலை செய்கிற இரண்டு பேர்தான் பெரியவர்களாக வந்து பார்ப்பார்கள். "தங்கமான பையன். ஒரே ஒரு கெட்ட பழக்கம், டீ" என்றார் தரகர். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொடுப்பதுதானே வழக்கம்? டீ கொடுத்தால் கடையில் கொடுத்ததுபோல் ஆகிவிடாதா?

யோசித்து யோசித்து அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். டீதான், ஆனால் தண்ணீரே இல்லாத டீ. கிராமத்தில் மாமா வீட்டிலிருந்து எருமைப் பால் ஒரு கேன் பஸ்ஸில் வந்தது. நான்தான் காலையில் கோரிமேட்டுக்குப் போய் இறக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பாலைச் சுண்டக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, சர்க்கரையை அள்ளிக் கொட்டி, கடைசியில் திருநீறு இடுவதுபோல் ஒரு சிட்டிகை டீத்தூள் போட்டாள். வந்தவர்கள் முன்னால் அல்லாடக் கூடாது என்று மதியம் இரண்டு மணிக்கே வேலையை முடித்து மூடியும் வைத்துவிட்டாள். அவர்கள் வருவது நாலரைக்கு.

"அம்மா, இது டீ இல்ல" என்றேன்.

"அவுங்க நாக்குக்கு நீ என்னாத்தக் கண்ட? போயி பொடவய மாத்துடி."

அப்பாவிடம் சொல்லும் வேலையும் என் தலையில்தான். யாராவது பேசினால் தலையை மட்டும் ஆட்டு, சிரி, வாயைத் திறக்காதே, முக்கியமாகக் கையைத் தூக்காதே. இத்தனையும் நான் கையால்தான் சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி. அப்ப இதுங்கள என்னா பண்றது?" என்றார்.

ஒரு செய்தித்தாளைக் கொடுத்தேன்.

நாலரைக்குத் தரகர் மூன்று பேரையும் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, இன்னொரு வீட்டு அவசரம் என்று போய்விட்டார். வாசலில் வேடிக்கை பார்த்த யாரோ, "ஆபீஸ் மாப்பிள்ள வந்துட்டாரு" என்றார்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய மடக்கு நாற்காலிகளில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஒருவர் நல்ல உயரம். ஒருவர் கட்டை, சட்டைப் பொத்தான் தெறிக்கிற உடம்பு. நடுவில் மாப்பிள்ளை, முப்பது வயதிருக்கும். சட்டையைவிட அதன் மடிப்புதான் அதிகமாகத் தெரிந்தது. அவர்களுக்குப் பக்கவாட்டில், சுவர் ஓரமாக, அப்பா. மடித்த செய்தித்தாள், மூக்குக்கண்ணாடி, வெள்ளை வேட்டி. பார்க்க ஏதோ ரிட்டயரான தாசில்தார் மாதிரியே இருந்தார். உயரமானவர் வணக்கம் என்றார். அப்பா தலையை ஆட்டினார். கட்டையானவர் வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். அப்பா சிரித்தார். அம்மாவின் முகத்தில் நிம்மதி வந்தது.

நான் தட்டில் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நிமிராமல் வந்து உள் கதவோரம் நின்றுகொண்டேன். அங்கிருந்து எல்லாரையும் பார்க்கலாம்.

உயரமானவர் ஒரு வாய் குடித்தார். கண் மேலே உத்தரத்துக்குப் போனது. தம்ளர் முழங்காலில் உட்கார்ந்தது. அப்புறம் நடந்ததுதான் எனக்கு நம்ப முடியவில்லை. அவருடைய இன்னொரு கை, தொடை மேலேயே, உள்ளங்கையைக் குழித்து, இலையில் வழித்து நக்குவதுபோல் ஒரு அசைவு காட்டியது.

பாயசம்!

ஆபீஸ்காரர்களுக்கு இந்தக் கை எப்படி வரும்? இவர்கள் தறிக்காரர்கள்! எந்த மில்லானாலும் தறிக்காரர்களுக்குக் கை ஒன்றுதான், வெளியில் அது ஒரு சௌகரியம். பஸ்ஸில், கல்யாண வீட்டில், கொட்டகையில், யார் எதிரிலும் யாரைப் பற்றியும் பேசிக்கொள்ளலாம். தாசில்தார் வீட்டில் யாருக்குப் புரியப்போகிறது?

கட்டையானவர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சுண்டுவிரலை வளைத்துக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். முந்திரி எங்கே?

உயரமானவர் காது மடலைத் தொட்டுத் தலையை ஆட்டினார். சூடும் இல்லை.

கட்டையானவர் தம்ளருக்குள் எட்டிப் பார்த்து, இரண்டு விரலால் எதையோ தூக்கிப் போர்த்திக்கொள்வதுபோல் காட்டினார். ஆடை! போர்வை அளவுக்கு ஆடை!

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்பா செய்தித்தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அல்லது அப்படித்தான் நான் நினைத்தேன்.

அப்போது நடுவில் இருந்தவரின் கை அசைந்தது. முழங்காலுக்கு அருகே, உள்ளங்கையைக் கீழே அழுத்தி, சும்மா இருங்கடா. பிறகு கண்ணைத் தொட்டு, கதவுப் பக்கம் ஒரு விரல். பொண்ணு பாக்குது. குடிங்க. சொல்லிவிட்டுத் தன் தம்ளரை எடுத்து, மூச்சு விடாமல், ஆடையோடு, மொத்தத்தையும் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்குவது இங்கே தெரிந்தது.

அம்மாவுக்கு வந்ததே சந்தோஷம்! "பாத்தியா? நாக்குக்கு ருசி தெரிஞ்சவரு" என்று என் காதில் கிசுகிசுத்துவிட்டு, பாத்திரத்தோடு போய் அவர் தம்ளரை மறுபடி விளிம்புவரை நிரப்பினாள். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஊற்றி முடித்துவிட்டாள். அந்த இரண்டாவது தம்ளரை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. காது கேட்காதவர்களுக்குத் தங்கள் சத்தம் எவ்வளவு என்று தெரியாது. தெருவில் போன சைக்கிள்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். அப்பா பேப்பரை மடியில் போட்டுவிட்டார். குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டு, நாற்காலிக்குக் கீழே தான் ஒளித்துவைத்திருந்த தம்ளரைச் சுட்டிக்காட்டினார். நிறைய, தொடாமல் இருந்தது. பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, வெகு நிதானமாக, கையால் சொன்னார். குடிக்காதே. அதோ ஜன்னல். ஊத்திடு.

மூன்று பேரின் கைகளும் தொடைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

அம்மா ஓடிவந்தாள். "அவருக்கு ரெண்டு நாளா கைவலி தம்பி. அதான் இப்பிடி ஆட்டி ஆட்டி வைக்கறாரு."

உயரமானவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அம்மா, கைவலிக்காரரு எங்கள டீய ஜன்னலு வழியா ஊத்தச் சொல்றாரும்மா."

கட்டையானவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி, தறியாடா இவரு? ஒருத்தரும் சொல்லலியே! நான் முந்திரி வேற கேட்டுத் தொலைச்சிட்டேனே."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் குரல் உடைந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கேக்காது தம்பி. சுத்தமா கேக்காது. பரம்பரையா வந்தது இல்ல, தறி குடுத்தது. எம்பொண்ணுக்கு ஊசி விழுந்தாக்கூட கேக்கும், வேணும்னா போட்டுப் பாருங்க. ரெண்டு எடம் இதனாலயே போயிடிச்சி. அதான் சொல்லல. நீங்களும் எழுந்து போறதுன்னா போயிடுங்க, நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

"அம்மா, நாங்க ஏம்மா போறோம்?" என்றார் நடுவில் இருந்தவர். "ஒளிச்சி வச்சதுன்னா இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கும் போலயே. ஆபீஸ்னு வாசல்ல யாரோ சொன்னாங்களே, நம்ம பத்தியா?"

"தரகருதான் சொன்னாரு. மில் ஆபீஸ்ல உத்தியோகம்னு."

"ஆபீஸ் பக்கம் நான் சம்பளம் வாங்கத்தாம்மா போயிருக்கேன். தறிதான் ஓட்டறேன். இவுனுங்க ரெண்டு பேரும்தான்."

"மேனேஜர்னு சொல்லாம வுட்டானே, அதுவரைக்கும் லாபம்" என்றார் உயரமானவர்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, மறைத்தது தப்புதான் தப்புதான் என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மாப்பிள்ளை, ஆறிப்போன அந்த இரண்டாவது தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தன் இடது காதைத் தொட்டுக் காட்டி, நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னார். அதுக்கு என்னாம்மா இப்ப.

நல்ல வார்த்தைதான். ஆனால் முதல் வீட்டாரும் 'அதுக்கென்ன' என்றுதானே சொன்னார்கள்? அதைச் சொல்லும்போதே அவர்கள் கண் வாசலில் கிடந்த செருப்புகளைத் தேடியதையும் நான் இதே கதவோரத்திலிருந்துதான் பார்த்தேன். வார்த்தைக்கு என்ன, வாயிலிருந்து வருவது. அதனால் நான் இவர் வாயைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் அவர் உதடு அசைவது அப்பாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. என்ன சொல்கிறான், என்ன சொல்கிறான் என்று கழுத்தை எக்கி எக்கி, கடைசியில், டீக்கடை பெஞ்சில் செய்வதுபோல், புரிந்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தார்.

அதை அவர் பார்த்தார்.

தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியைத் தூக்கினார். பெண் பார்க்க வந்த மனுஷன், பெண்ணுக்கும் பெண்ணைப் பெற்றவளுக்கும் முழுசாக முதுகைக் காட்டி, முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற மாதிரி அப்பாவுக்கு நேர் எதிரே அதைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு வலது கையின் இரண்டு விரலை வளைத்து, மேலே கொண்டுபோய்க் கீழே இறக்கி, காது மடலைத் தொட்டு, முஷ்டியை மடக்கி, நல்ல சூடா, திடமா, நாம ரெண்டு பேரும் ஒரு டீ குடிக்கலாமா என்று கேட்டார்.